எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய செஞ்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால், செஞ்சியை நெருங்கும்போது வெளியே பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் சேர்த்து வளைத்து நிற்கிறது கோட்டை மதில்.

கோனார் குல மன்னர்கள் தொடங்கிய கோட்டையை நாயக்கர்கள் பெருக்கினார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராமைப் பிடிக்க 1690இல் வந்த மொகலாயத் தளபதி சுல்பிகார் கானுக்குக் கோட்டை வசப்பட்டது 1698இல்தான். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

ஏன் இத்தனை காலம்? ராஜகிரியில் ஏறினால் புரியும். உச்சிக்குச் சற்று முன்னே பாறை பிளந்து கிடக்கிறது. ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைக் கடக்க அன்று இருந்தது ஒரு மரப்பாலம் மட்டுமே. பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை நெருங்க முடியாது. உச்சியிலேயே தானியக் களஞ்சியமும் உண்டு. என்னைக் கேட்டால், கீழே அடுக்கடுக்காய் உயரும் கல்யாண மகாலைவிட அந்தப் பிளவுதான் செஞ்சியின் அதிசயம்.

1714இல் போரில் மாண்ட இளைஞன் தேசிங்கு ராஜனைக் கதைப்பாடல்கள் இன்றும் மறக்கவில்லை. 1750இல் ஓர் இரவுத் தாக்குதலில் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் போனது. 2025இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது. போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.