ரசம் போன வியூஃபைண்டர்



பழைய ஃபிலிம் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் லென்ஸைப் பார்ப்பார்கள். ஷட்டரைத் தட்டி ஓசை கேட்பார்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்த்தால், சில கேமராக்களில் காட்சியின் ஓரத்தில் ஒரு கரிய பட்டை தெரியும். சிலவற்றில் புகை படிந்தாற்போல் திட்டு. லென்ஸை மாற்றினாலும் அது போகாது, கண் வைக்கும் கண்ணாடியைத் துடைத்தாலும் போகாது. கோளாறு உள்ளே இருக்கும் பட்டகத்தில், அதாவது பிரிசத்தில். அதைச் சரிசெய்யும் கைவேலையின் தரம் என்ன, எந்த முறையை நம்பலாம் என்று இன்று பார்ப்போம்.

இந்தப் பட்டகம் என்ன வேலை செய்கிறது? ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்ந்த கண்ணாடி ஒன்று மேலே திருப்பி, சொரசொரப்பான ஒரு திரையில் விழச் செய்கிறது. அங்கே தெரியும் பிம்பத்தில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் இருக்கும். 1936இல் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கீனே எக்ஸாக்டா போன்ற கேமராக்களில் குனிந்து, மேலிருந்து இந்தத் திரையைத்தான் பார்க்க வேண்டும். ஓடும் ஆள் வலப்பக்கம் போனால் பிம்பம் இடப்பக்கம் போகும். 1949இல் அதே டிரெஸ்டனில் ட்சைஸ் ஐக்கான் நிறுவனம் காண்டாக்ஸ் எஸ் கேமராவில் ஐங்கோணப் பட்டகத்தை வைத்தது. கேமராவைக் கண்மட்டத்தில் பிடித்து, உலகத்தை உள்ளபடியே பார்த்துப் படமெடுக்க முடிந்தது. 1959இல் வந்த நிக்கான் எஃப், இந்த வகைக் கேமராவைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கருவியாகவே ஆக்கிவிட்டது.

பட்டகத்தின் மேற்பகுதி ஓட்டுவீட்டுக் கூரைபோல இரண்டு சரிவுகளாக இருக்கும். திரையிலிருந்து எழும் ஒளி இந்தச் சரிவுகளில் இரண்டு முறை திரும்பி, பிறகு முன்முகத்தில் ஒரு முறை திரும்பி, கண்ணுக்கு வருகிறது. சாதாரணக் கண்ணாடிக்குள் ஒளி ஏறக்குறைய 41 பாகைக்கு மேல் சாய்ந்து விழுந்தால்தான் தானாகவே முழுமையாகத் திரும்பும். முன்முகத்திலோ அது வெறும் 22.5 பாகையில் விழுகிறது. ஆகவே அங்கே ரசம் பூசாவிட்டால் பெரும்பாலான ஒளி வெளியே போய்விடும். வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைத்து, அதன்மேல் செம்பும் காப்பு வண்ணமும் பூசுவது வழக்கம். பழைய நிலைக்கண்ணாடியில் ரசம் உதிர்வது போலத்தான் இங்கேயும் கேடு தொடங்குகிறது.

இந்தக் கேட்டுக்குப் பெயர்போன கேமரா ஒலிம்பஸ் ஓஎம்-1. யோஷிஹிஸா மைதானி வடிவமைத்து, 1972இல் எம்-1 என்ற பெயரில் வெளிவந்து, அடுத்த ஆண்டே பெயர் மாறியது. சின்ன உடலுக்குள் பெரிய காட்சி: படத்தில் விழுவதில் 97 விழுக்காட்டை வியூஃபைண்டரிலேயே காட்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸோடு 0.92 மடங்கு பெரிதாகத் தெரியும். இந்த அகலமான காட்சிக்காகவே பலர் அதை வாங்கினார்கள். பட்டகத்தை ஒட்டி வைக்கப்பட்ட நுரைப்பஞ்சுதான் பின்னால் அதற்கு எதிரியானது. பாலியூரித்தேன் என்ற அந்தப் பஞ்சை வெப்பமும் ஈரமும் சேர்ந்து சில பத்தாண்டுகளில் தாராக இளக்கிவிடும். அந்தப் பிசுக்கு காப்பு வண்ணத்தைத் தாண்டி வெள்ளியைத் தின்கிறது. கேமராவை மூடியே வைத்திருந்தாலும் இது நடக்கும்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டகம் கெட்டால் படம் கெடாது. ஷட்டர் விழும்போது சாய்கண்ணாடி மேலே போய்விடுகிறது. ஒளி நேரே ஃபிலிமில் விழுகிறது. அப்படியானால் எதற்குப் பழுது பார்க்க வேண்டும்? கரும்பட்டை இருக்கும் இடத்தில் ஃபோகஸும் ஓரமும் தெரியாது. மேலும் ஓஎம்-1இல் ஒளிமானியின் உணரிகள் கண் வைக்கும் கண்ணாடியின் இருபுறமும் இருந்து, பட்டகத்தின் வழியே வரும் ஒளியைத்தான் அளக்கின்றன. ரசம் பெருமளவு போனால் அவை ஒளியைக் குறைவாக எண்ணி, அதிக ஒளி விடச் சொல்லும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வேறொரு கேமராவிலிருந்து நல்ல பட்டகத்தை எடுத்து வைப்பது. ஓஎம்-1க்கு ஓஎம்-10இன் பட்டகத்தைப் பொருத்துவது ரிப்பேர்காரர்களிடையே பழகிய வழி. அளவும் உட்காரும் விதமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பொருத்த வேண்டும். ஃபோகஸின் துல்லியம் திரையையும் சாய்கண்ணாடியையும் சார்ந்தது. அவற்றைத் தொடாமல் பட்டகத்தை மட்டும் மாற்றினால் ஃபோகஸ் கெடாது. இதனால்தான் இந்த வேலை பயமின்றிச் செய்யத்தக்கது. ஆனால் எல்லாக் கேமராவும் ஒன்றுபோல் திறக்காது. கேனான் ஏஈ-1இல் மின்சுற்றுத் தகடு பட்டகத்தின்மேலேயே வளைந்து படுத்திருக்கும். அதை அசைப்பதே ஒரு பரீட்சை.

இரண்டாவது வழி, பழைய ரசத்தை நீக்கிவிட்டு மறுபடி பூசுவது. வெற்றிட அறையில் அலுமினியம் பூசும் ஆய்வகங்களில் இதைச் செய்யலாம். நல்ல வெள்ளி ஒவ்வொரு முறையும் சுமார் 96 விழுக்காடு ஒளியைத் திருப்பும். அலுமினியம் சுமார் 90. மூன்று முகங்களிலும் பூசியிருந்தால், மூன்று முறை திரும்புவதால் வெள்ளியில் ஏறக்குறைய 88 விழுக்காடு மிஞ்சும், அலுமினியத்தில் 73. காட்சி கொஞ்சம் மங்கும், ஆனால் கறுக்காது. வெள்ளி பூசுவதாக இருந்தால், செம்பும் வண்ணமும் சேர்த்துக் காப்பு போடாத வேலை சீக்கிரமே பல்லை இளிக்கும்.

மூன்றாவது, வீட்டிலேயே செய்வது. சில்வர் நைட்ரேட்டோடு அம்மோனியாவும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்து, குளுக்கோஸ் சேர்த்தால் கண்ணாடியில் வெள்ளி படியும். பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அம்மோனியாக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ரசத்தாளை வெட்டி ஒட்டுவது இன்னொரு குறுக்குவழி. தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நிற்பதால் பிம்பம் இரட்டையாகவோ கலங்கலாகவோ தெரியும்.

ஒரு பட்டக வேலை நன்றாக அமைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேமராவை வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். நான்கு மூலைகளிலும் ஒளி சீராக இருக்க வேண்டும். அடுத்து, தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். அது இரண்டாகத் தெரியக்கூடாது. கூரையின் இரு சரிவுகளும் மிகத் துல்லியமாக 90 பாகையில் சேர்ந்திருந்தால்தான் பிம்பம் ஒன்றாக இருக்கும். யாராவது அந்த முகங்களைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் கோணம் போய்விடும். சரிவுகள் சேரும் முகடு உடைந்திருந்தால் காட்சியின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு தெரியும். எந்த ரசமும் அதை மறைக்காது. கடைசியாக, வேறொரு நல்ல மானியோடு ஒப்பிட்டு ஒளிமானியைச் சரிபாருங்கள்.

என் மதிப்பீடு இதுதான். ஓஎம்-1 போல ஏராளமாகத் தயாரான கேமராக்களுக்குப் பட்டகத்தை மாற்றுவதே சிறந்த வழி. மாற்றுப் பட்டகம் கிடைக்காத அபூர்வமான கேமராக்களுக்கு மட்டும் மறுபூச்சு. ஓரத்தில் நகக்கண் அளவுக் கறை இருந்து, ஃபோகஸும் ஒளிமானியும் சரியாக இருந்தால் பட்டகத்தைத் தொடாமல் பஞ்சை மட்டும் எடுத்துவிடுங்கள். கறையைத் துடைக்கப் போய் மிச்ச ரசத்தையும் உரித்துவிட்ட கேமராக்கள் ஏராளம். இந்தக் கலையில் கைத்திறனுக்கு நிகராக, எங்கே நிறுத்துவது என்ற தெளிவையும் மதிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம் வருமுன் காப்பதுதான். உங்கள் வீட்டில் ஓஎம் வரிசைக் கேமரா இருந்து, அதன் வியூஃபைண்டர் இன்னும் தெளிவாக இருந்தால், தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்து மேல்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பஞ்சைச் சுரண்டாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து இளக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள். இந்த மழைக்காலம் வருவதற்குள் செய்துவிடுங்கள்.