உறைக்குள் ஓர் உறை

அமெரிக்காவில் தேர்தல் விதிகள் ஊருக்கு ஒரு விதம். பெரும்பாலும் மாநிலச் சட்டம் சொல்வதுதான்.

பென்சில்வேனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகிறேன், உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது காரணம் சொன்னால்தான் அங்கே தபால் ஓட்டு கிடைத்து வந்தது. 2019-இல் வந்த 77-ஆம் சட்டம், காரணமே வேண்டாம், விண்ணப்பித்தால் போதும் என்றது.

ஆனால் ஓட்டை அனுப்புகிற முறை இருக்கிறதே! சீட்டை முதலில் ஒரு ரகசிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அதன்மேல் ஆளைக் காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியும் கூடாது. அதை இன்னோர் உறைக்குள் போட்டு, வெளியே கையெழுத்தும் தேதியும். யார் போட்டது என்ற விவரம் வெளியுறையோடு நின்றுவிடும். நல்ல யோசனைதான்.

உள்ளுறையை மறந்தவர்கள் ஓட்டு? எண்ணக்கூடாது என்று 2020 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஓட்டுக்கு ‘நிர்வாண ஓட்டு’ என்று பட்டப்பெயர் வேறு! தேதி எழுத மறந்தவர்கள் விஷயத்திலோ வழக்குமேல் வழக்கு.

இன்னொன்று. தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் உறையைப் பிரிக்கவே சட்டத்தில் இடமில்லை. 2020 நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை அதிபர் தேர்தல். குவிந்ததோ லட்சக்கணக்கான உறைகள். அங்கே வெற்றி யாருக்கு என்று தொலைக்காட்சிகள் சொல்ல சனிக்கிழமை ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் வதந்திகளுக்குக் கேட்கவா வேண்டும்? ஃபுளோரிடாவில் வாரக்கணக்கில் முன்கூட்டியே பிரித்துச் சரிபார்க்கலாம். அங்கே அன்றிரவே முடிவு தெரிந்துவிட்டது.