கான் பாலம் ஏன் ஆண்டுதோறும் போகிறது?

(ஜொகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம் பேச வேண்டிய மேடையில் கான் பாலத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் எண்ணலாம். வெட்டுக்காட்டில் நிற்பவருக்கு இதுவும் சம்பள விஷயந்தான். பாலம் போனால் டிராக்டர் வராது. பாலோ, கட்டிப்பாலோ, சுற்றுவழியில் சுமக்க வேண்டியவர் தொழிலாளியே. லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் பல தோட்டங்களில் அதே வழிதான்.

நமது ஜொகூருக்கு மழை புதிதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங், சிகாமட் வட்டாரங்களில் வெள்ளம் புகுந்தது. மாநிலத்தில் 40,000-க்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அப்பேர்ப்பட்ட வெள்ளத்துக்குத் தோட்டத்து மண்பாலம் தாங்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆனால், சாதாரணப் பருவமழைக்கே ஒரே பாலம் ஆண்டுதோறும் போகிறதென்றால் மழைமீது பழி போடலாமா?

நடப்பது என்ன? ஒரு லோரி செம்மண் வருகிறது. டிராக்டர் அதைக் குழிக்குள் தள்ளுகிறது. மேலே இரண்டு தரம் ஓடுகிறது. வேலை முடிந்தது! அடுத்த பெருமழையில் மண்ணும் முடிந்தது.

மண் மேலே கரைவதற்கு முன்பே உள்ளே கரைகிறது, தோழர்களே. குழாயின் வாயை இலையும் கிளையும் அடைக்கின்றன. தேங்கிய தண்ணீர் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே வழி தேடி, மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. மேலே பாதை நன்றாகவே தெரியும், அடியில் பொந்து. டிரெய்லர் ஏறும்போதுதான் உண்மை வெளிப்படும்.

ஆகவே முதலில் சேற்றை வாரிக் கெட்டித் தரை காண வேண்டும். குழாயைக் கானின் அடிமட்டத்திலேயே, சிறு சரிவோடு பதிக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக, ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக மண் போட்டு இடிக்க வேண்டும். குழாய்மேல் ஓரடி மண்ணாவது வேண்டும். இரு வாயிலும் கல் அடுக்க வேண்டும். தண்ணீர் விழும் பக்கம் குழி பறிக்குமாதலால் அங்கே அதிகம் அடுக்க வேண்டும். பாதையின் ஓரிடத்தைச் சற்றுத் தாழ்த்திக் கல் பரப்பினால், மிஞ்சிய தண்ணீர் நாம் காட்டிய வழியில் போகும்.

சிக்கனக்காரர்களுக்கு ஒரு கணக்கு: ஈரடிக் குழாய்க்குப் பதிலாக ஓரடிக் குழாய் இரண்டு போதாது, குறைந்தது நான்கு வேண்டும். நான்கு வைத்தால் அடைப்புக்கும் நான்கு வாய்!

இனி, உயிர் விஷயம். கான் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் டிராக்டர் கரையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணென்றால் இன்னும் தள்ளி. மண்வாரியைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும். தூக்கினால் வண்டி கவிழ எளிது. பாதுகாப்புச் சட்டம் இருந்தும் பெல்ட் போடாவிட்டால் அது காக்காது. மட்கார்டில் ஆள் ஏற்றுவது கூடவே கூடாது.

பொந்து விழுந்த பாலத்தில் "ஓட்டு" என்று மேலே இருப்பவர் சொன்னால்? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிறது அது. பயந்து ஏறாதீர்கள். சங்கப் பிரதிநிதியிடம் உடனே சொல்லுங்கள்.

பாலம் கட்டுவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதை ஓய்வு நாளில் மண்வெட்டியோடு வந்து இலவசமாகச் செய்து கொடுங்கள் என்றால் ஒப்ப முடியாது. செய்கிற வேலைக்குக் கூலி உண்டு.

பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அக்டோபருக்குள் கிளைத் தலைவர்கள் நிர்வாகத்தாரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு கானுக்கும் நடந்து போங்கள். மேலே நின்று பார்த்தால் போதாது. கீழே இறங்கிக் குழாயின் இரு வாயையும் பாருங்கள். கண்டதை எழுதி, தேதியிட்டு, ஒரு படி நிர்வாகத்திடம் கொடுத்து, மறுபடியைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.