பேர் மாறியும் கலையாத ஊர்



எழுத்தை நம்பி வாழ முற்பட்டவர்கள் எத்தேசத்திலும் பட்ட சிரமங்களை நாம் அறிவோம். ஆயினும், எழுதுகிறவருக்கும், அதைப் படித்து நல்லதென்று தேர்ந்தெடுக்கிறவருக்கும் ஒரே பொக்கிஷத்திலிருந்து வெகுமதி கிடைக்கும் என்ற அபூர்வமான வாக்குறுதியோடு 2016-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்டீம் என்னும் சமூகத்தின் வரலாற்றை, நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம் என்பதால், இன்று சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கர்களான நெட் ஸ்காட், டேனியல் லாரிமர் இருவரும் ஸ்தாபித்தது அது. ஒருவர் கட்டுரை எழுதுவார். மற்றவர்கள் அதற்கு வாக்களிப்பார்கள். ஏழு நாள் கழிந்ததும், எந்த அரசாங்கமும் அச்சிடாத, பிளாக்செயின் எனப்படும் பொதுக் கணக்குப் புத்தகத்திலேயே பிறக்கிற ஸ்டீம் என்ற கிரிப்டோ நாணயம், அந்த வாக்குகளின் பலத்துக்கேற்ப அவருடைய கணக்கில் சேரும். அந்தப் புத்தகத்தை எழுதிக் காப்பவர்களுக்குச் சாட்சிகள் என்று பெயர். அவர்களில் முதன்மையான இருபது பேரை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். வாக்குப் பலம் வேண்டுவோர் தம் நாணயத்தைப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டியதை முழுதும் மீட்க ஆரம்பத்தில் 104 வாரங்களும், பிற்பாடு 13 வாரங்களும் ஆயின.

2018 ஜனவரியில் ஏழு டாலருக்கு மேல் விலைபோன அந்த நாணயம், வருஷம் முடிவதற்குள் அரை டாலருக்கும் கீழே வீழ்ந்தது. லாரிமர் முன்பே விலகிப் போயிருந்தார். நவம்பரில், ஸ்டீமை நடத்திய ஸ்டீமிட் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 70 சதவீதத்தினரை வீட்டுக்கு அனுப்பியது. லாபத்தை நாடி வந்தவர்கள் அப்போதே போய்விட்டார்கள். ஆனால் சொந்த நாட்டு நாணயம் அனுதினமும் மதிப்பிழந்துகொண்டிருந்த வெனிசுவேலாவிலிருந்து எழுதியவர்கள், அந்தச் சிறு தொகையும் வீட்டுச் செலவுக்கு ஆதாரமாயிருந்ததால் தங்கினார்கள். வேறு பலர், ஆண்டுக்கணக்கில் தம் எழுத்தைப் படித்து, பெயர் சொல்லி விசாரித்து, பிழை கண்டபோது திருத்திய வாசகர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் தங்கினார்கள். பதின்மூன்று வாரத்தில் திறந்துகொள்ளும் பூட்டு இத்தகைய பந்தத்தை உண்டாக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மெய்யான சோதனை 2020-இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி, ட்ரான் நாணயத்தின் அதிபர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. சமூக வளர்ச்சிக்கென்று நிறுவனம் ஆதியிலேயே தன்வசம் ஒதுக்கி வைத்திருந்த பெரும் பங்கும் அவர் கைக்குப் போனதைக் கண்டு கலங்கிய சாட்சிகள், அந்தப் பங்கைக் கொண்டு வாக்களிக்க இயலாதபடி அதைத் தற்காலிகமாக முடக்கினார்கள். பிறர் விலை கொடுத்து வாங்கியதை முடக்குவது சிறிய காரியமன்று. அதில் எனக்குப் பூரண சம்மதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மார்ச் 2-ஆம் தேதி நிகழ்ந்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர்கள் நம்பி ஒப்படைத்திருந்த ஸ்டீமை, அவர்களை ஒரு வார்த்தை கேளாமல் பூட்டி வாக்காக்கி, அடகு வைத்த நகையை அடகுக்கடைக்காரர் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு அணிந்துகொண்டதுபோல, முதன்மைச் சாட்சிகள் இருபது பேரையும் சன் அன்றே மாற்ற உதவின. கண்டனம் எழுந்தபின் பைனான்ஸும் ஹுவோபியும் வாக்குகளைத் திரும்பப் பெற்றன; பூட்டிய நாணயமோ அவ்வளவு விரைவில் திரும்புவதாயில்லை.

அப்போது அந்தச் சமூகத்தினர் செய்ததுதான் என்னை இந்த உரைக்குத் தூண்டியது. மார்ச் 20-ஆம் தேதி, அவரவர் எழுதியவற்றையும், உறுப்பினர்களின் இருப்பையும் அப்படியே பிரதியெடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் பங்கை விலக்கி, ஹைவ் என்ற புதிய பிளாக்செயினைத் தொடங்கினார்கள். நான்கு வருஷம் பழகிய பெயரையும் முகப்பையும் துறந்து, சிநேகத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஓர் ஊரே இடம்பெயர்ந்தது. எதிர்த்தரப்புக்கு வாக்களித்த சில கணக்குகளுக்கும் புதிய நாணயம் மறுக்கப்பட்டது எனக்கு உவப்பானதன்று. எனினும் மே மாதம் 20-ஆம் தேதி பழைய பிளாக்செயினில், 64 கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் பறிக்கப்பட்டதற்கு அக்கிரமம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. பழைய இடத்திலேயே இருந்துவிட்டவர்களையும் நான் குறை கூறமாட்டேன். அவர்களுடைய வாசகர்கள் அங்கே இருந்தார்கள்.

நேயர்களே, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இவ்வேளையிலும் ஸ்டீம், ஹைவ் இரண்டிலும் மூன்று விநாடிக்கொரு முறை புதிய பக்கம் எழுதப்பட்டு வருகிறது. 2020 மார்ச் 20-க்கு முந்தைய பக்கங்கள் இரண்டு புத்தகங்களிலும் ஒன்றே.