பணம் போனது, டிக்கெட் வரவில்லை

ஒரே டேட்டாபேஸுக்குள் நடக்கும் பரிவர்த்தனை முழுதாக முடியும். இல்லையேல் நடந்த சுவடே இருக்காது. பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் இணையதளத்தில் இருக்கையை ஒரு சேவை ஒதுக்கும், பணத்தை இன்னொன்று பிடிக்கும், குறுஞ்செய்தியை மூன்றாவது அனுப்பும். மூன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸ் என்றால், நடுவில் ஒன்று தவறும்போது எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ரத்து செய்ய வழியில்லை.

இதற்குப் பழைய ஏற்பாடு இருகட்ட கமிட். டேட்டாபேஸ் ஆய்வாளர் ஜிம் கிரே 1978இல் வெளியிட்ட குறிப்புகளில் இதை விளக்கியிருக்கிறார். ஒருங்கிணைப்பு சர்வர் முதலில் எல்லாரிடமும் ‘தயாரா’ என்று கேட்கும். அத்தனை பேரும் தயார் என்றால்தான் கமிட், அதாவது மாற்றங்கள் நிலையாகப் பதிவாகும். கச்சிதமான முறைதான். ஆனால் தயார் என்று பதில் வந்தபின் அந்த சர்வரே படுத்துவிட்டால், மற்றவை பூட்டிய பதிவுகளோடு காத்துக் கிடக்கும்.

1987இல் ஆய்வாளர்கள் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் ‘சாகா’ என்ற முறையை முன்வைத்தார்கள். நெடுநேரம் ஓடும் பரிவர்த்தனைக்காகப் பிறந்த யோசனை அது. பல சேவைகளுக்குப் பிற்காலத்தில்தான் பரவலாகப் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு படியும் உடனுக்குடன் கமிட் ஆகிவிடும். பின்னால் ஏதாவது தவறினால், முடிந்த படிகளுக்கு ஈடுசெய்யும் படிகள் ஓடும். பிடித்த பணத்தைத் திருப்பித் தந்தாலும் பாஸ்புக்கில் பற்று ஒரு வரி, வரவு ஒரு வரி என இரண்டும் நிற்கும். அனுப்பிய குறுஞ்செய்தியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அதைக் கடைசியில் வைப்பதே கைத்தேர்ச்சி. இடைப்பட்ட நேரத்தில் அரைகுறை நிலை பிறர் கண்ணில் படும் என்பதால், இருக்கை ‘விற்றது’ ஆகாமல் ‘நிறுத்திவைப்பு’ என்றே நிற்க வேண்டும்.

சாகாவுக்குக் கிடைக்கும் பெயர், அதோடு சேர்ந்து இயங்கும் அவுட்பாக்ஸ் என்ற எளிய அட்டவணைக்குக் கிடைப்பதில்லை. உண்மையில் பாரம் சுமப்பது அதுதான். இருக்கையைப் பதிந்துவிட்டு, அடுத்த சேவைக்குச் செய்தி அனுப்பும் முன் சர்வர் நின்றால் செய்தி தொலையும். அதனால் இருக்கைப் பதிவும் அனுப்ப வேண்டிய செய்தியும் ஒரே பரிவர்த்தனையில், ஒரே டேட்டாபேஸில் எழுதப்படுகின்றன. தனியாக ஓடும் ஒரு நிரல் அட்டவணையைப் படித்து அனுப்பிவைக்கிறது. ஒரே செய்தி இருமுறை போகலாம். ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் உண்டு. அதே எண் மறுபடி வந்தால் பணச் சேவை பழைய பதிலையே தரும், மீண்டும் பணம் பிடிக்காது.

பணத்தைத் திருப்பும் படியும் சில சமயம் தோற்கும். அதற்கு மறுமுயற்சி உண்டு. அதுவும் பலிக்காதவை தனிப் பட்டியலாகச் சேர்ந்து, அலுவலர் ஒருவர் கணக்கைச் சரிபார்த்துக் கையால் முடித்துவைக்கும்வரை நிலுவையில் நிற்கும்.