வீட்டுப் பாஷையும் சங்கக் கணக்கும்



மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்து குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர், பல தலைமுறையாகத் தமிழரோடு வாழ்ந்தும் குஜராத்தியோடு உறவுடைய தம் பாஷையைக் கைவிட்டாரில்லை. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843-1914) அப்பாஷையிலும் தமிழிலும் கீர்த்தனங்கள் இயற்றினார். 2011-ம் வருஷத்து ஜனக்கணிப்பில் அதைத் தாய்மொழி என்றோர் 2,47,702 பேர். தனி எழுத்து உண்டு, கற்றோர் சிலரே. பாஷை நிலைத்திருப்பது சமையற்கட்டிலும் தறியடியிலும் பஜனையிலுந்தான்.

நமது சங்கக் கணக்கோ தமிழில். ஒரு மூதாட்டியாருக்குத் தறிக்கடனின் தவணையை இருமுறை விளக்கினேன், தலையசைத்தார், அவ்வளவே. பேரன் வீட்டுப் பாஷையில் சொன்னதும், "ஐப்பசி மழையில் பாவு காயாதே ஐயா! தைக்குத் தள்ளி வையுங்கள்" என்றார். எனக்கல்லவா அது தோன்றியிருக்க வேண்டும்! இனிக் கைநாட்டு வாங்குமுன் பத்திரத்தை அவர்கள் பாஷையில் ஒருவர் உரக்கச் சொல்லட்டும். உபவிதி அதைக் கேட்பதில்லை, நான் கேட்கிறேன்.