நிரல் பயில்வோர்க்கு ஒரு துணை

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலுள்ள உடப்பில், அம்பாப் பாடிக் கரைவலை இழுப்பது மரபு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் தொடர்வர். புதியவன் மூத்தோரிடையே நின்று கயிறு பற்றியே தொழில் பயில்கின்றான்.

கணினி நிரல் எழுதும் கலையும் அத்தகையதே. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் இயங்க மறுக்கும். தனித்துப் பயிலும் மாணவன் தன் அறிவே குறைவென எண்ணிச் சோர்ந்து, கல்வியையே கைவிடவும் கூடும். அதே பிழையைப் பன்முறை செய்து தேர்ந்தவரோ அதனை நொடியிற் சுட்டிக்காட்டுவார்.

2005ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டம் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டி ஒருவர் அமைந்தார். முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவரை அதற்கு அனுப்பியது நம் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. அவ்வாறு பயின்றோர் சிலர் பின்னர் வழிகாட்டிகளாயினர்.

உதவி கேட்பதற்கும் முறையுண்டு. செய்யக் கருதியது யாது, செய்து பார்த்தது யாது, கணினி காட்டிய பிழைச்செய்தி யாது என்னும் மூன்றையும் தெளிவுறக் கூறல் வேண்டும். அங்ஙனம் கேட்போர் கற்பிட்டியில் இருப்பினும் கொழும்பில் இருப்பினும், அறிந்தவர்க்கு விடையளித்தல் எளிது. கேட்கக் கூசுதலே கல்விக்குப் பெருந்தடை. பெற்ற துணையை அடுத்தவர்க்கு அளிப்பதே அதற்குரிய கைம்மாறு.